லீடருக்கு ஒரு டவுட்

மெயிலை அனுப்பிவிட்டு லீடர் காலை நீட்டி உட்கார்ந்தான். நாலு வரி மெயில்தான், ஆனால் எழுதி முடிக்க அரை நாள் பிடித்துவிட்டது. நாம் போய் ஒருத்தரிடம் டவுட் கேட்பதா என்ற மானப் பிரச்சினையிலேயே பாதி நேரம் போயிற்று.

லீடர் என்பது அவன் பெயரல்ல. வகுப்பின் முதல் நாள் எல்லாரும் தங்களை அறிமுகம் செய்துகொண்டபோது, "நான் டீம் லீடரா இருந்தப்போ..." என்று தொடங்கியவன் வகுப்பு முடியும்வரை நிறுத்தவில்லை. மற்றவர்கள் கிண்டலுக்கு வைத்த பெயரை அவன் கௌரவப் பட்டமாக எடுத்துக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பியும் பார்த்தான்.

பழைய கம்பெனியில் அவனுக்குக் கீழே பதினோரு பேர். வேலையை அவர்கள் செய்தார்கள், பெயரை இவன் போட்டுக்கொண்டான். வருடக்கணக்காக மீட்டிங்கில் பேசியே பிழைப்பு ஓட்டியதில், கோட் எழுதும் கை துருப்பிடித்துப் போனது. அந்தக் கையோடு வெளிநாட்டில் கம்ப்யூட்டர் எம்.எஸ். படிக்கக் கிளம்பினான். பல்கலைக்கழகம் ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பார்த்தது. "முதலில் ஆயத்த வகுப்பில் உட்காருங்கள். அதில் தேறினால் எம்.எஸ்.ஸில் சேர்த்துக்கொள்கிறோம்" என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டது.

வீட்டில் இந்த ஆயத்த வகுப்பு விவகாரம் யாருக்கும் தெரியாது. மாமனார் கண்ணில் படுகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து, "மாப்பிள்ளை எம்.எஸ். பண்றாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாமனார் வீட்டுப் படி ஏறுவது? லீடருக்கு ஒரு முகம்தான் இருந்தது, அதையும் அவன் ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பயன்படுத்தியிருந்தான்.

வகுப்பில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுத வேண்டும். விடுதியில் துணி துவைக்கும் மெஷினுக்கு யார் முதலில், யார் அடுத்து என்று வரிசை போட்டுக் கொடுக்கும் புரோகிராம். லீடருக்குப் பார்ட்னராக வந்தவள் வேறொரு நாட்டுப் பெண். அவனைவிடப் பத்து வயது சின்னவள், அதிகம் பேசாதவள். வேலையைப் பிரித்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்டபோது லீடர் சிரித்துவிட்டான்.

"இதெல்லாம் எனக்கு அ ஆ எழுதற மாதிரிம்மா. வரிசை போடறதா? பாங்குக்கெல்லாம் டோக்கன் வரிசை போட்டுக் குடுத்தவன் நான். அந்தக் கோட் உலகமே எடுத்துப் பாக்கற மாதிரி நெட்ல கெடக்கு. என் பங்கு எப்பவோ முடிஞ்சுபோச்சு. மிச்சத்த நீ பாரு."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். இரண்டு வாரம் கழித்து முழு புரோகிராமையும் கொண்டுவந்தாள்.

"ரெண்டு பேர் பங்கையும் சேத்துட்டேன். பிரமாதமா ஓடுது" என்றாள்.

வேலை முழுவதையும் தானே செய்துவிட்டு ரெண்டு பேர் பங்கு என்கிறாளே, பெரியவர்களிடம் மரியாதை தெரிந்த பெண் என்று லீடர் மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

இடி அதற்குப் பிறகு விழுந்தது. வாய்மொழித் தேர்வு உண்டாம். புரோகிராமில் எந்த இடத்தைக் காட்டினாலும் விளக்கத் தெரிய வேண்டுமாம். லீடர் கதவைச் சாத்திக்கொண்டு படித்தான். பாதி புரிந்தது. வரிசை பிரிக்கிற பகுதிக்கு வந்ததும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்தப் பெண்ணையே கேட்கலாம் என்றால் சின்னப் பெண்ணிடம் போய்ப் பல்லிளிக்க வேண்டும். அதனால்தான் டீச்சருக்கு மெயில்:

"மேடம், என் பார்ட்னர் கொடுத்த கோடில் வரிசை பிரிக்கும் பகுதியில் எனக்கு நிறைய டவுட் இருக்கிறது. தேர்வுக்கு முன் தீர்த்துவைக்கவும். இது நமக்குள் இருக்கட்டும்."

பதில் சுடச்சுட வந்தது.

"துணிச்சலாக முன்வந்து சொன்னதற்கு நன்றி. உங்கள் சந்தேகத்தை விசாரணைக்கு அனுப்பிவிட்டேன். விசாரணை முடியும்வரை உங்கள் இருவருக்கும் தேர்வு கிடையாது."

லீடருக்கு வியர்த்துவிட்டது. நம் கல்லூரிகளில் "சார், ஒரு டவுட்" என்று கை தூக்கினால், பாடம் புரியவில்லை என்று அர்த்தம். அந்த நாட்டில் ஒருத்தர் வேலைமேல் டவுட் என்றால், அவர் திருடியிருக்கிறார் என்று அர்த்தம். இந்த வித்தியாசத்தை முதல் வாரமே ஆயத்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். பச்சைக் குழந்தைகளுக்கான பாடம் என்று லீடர் அன்று காண்டீனில் உட்கார்ந்திருந்தான்.

அந்த நேரம் பார்த்து மனைவி போனில் வந்தாள்.

"என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒரு டவுட் கேட்டேன், விசாரணை வெச்சுட்டாங்க."

"எம்.எஸ்.ல டவுட் கேட்டா விசாரணையா? அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"அவர்கிட்ட மூச்சு விடாத!"

"சரி, இதுக்கு ஏன் இப்படிப் பதறுறீங்க? எனக்குப் புரியலை, அதத்தான் கேட்டேன்னு ஒரு வரி எழுதிப் போட்டா முடிஞ்சுபோச்சு."

"எனக்குப் புரியலைன்னு நான் எழுதறதா? பதினோரு பேரை மேய்ச்சவன்டி நான்!"

"மேய்ச்சது போதும், எழுதுங்க" என்று அவள் வைத்துவிட்டாள்.

உருப்படியான யோசனை என்று இந்தக் கதையிலேயே வந்தது அது ஒன்றுதான். லீடர் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டான். டீம் லீடராக இருந்தபோது எத்தனை சிக்கலைப் பேசித் தீர்த்திருக்கிறான்! இன்னொரு மெயில் போனது.

"மேடம், சின்ன விஷயம், பெரிதுபடுத்த வேண்டாம். அந்தப் பெண் பாவம். கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளவும். நேரில் வந்து உங்களைத் தனியாகப் பார்க்கிறேன்."

இதற்கும் பதில் வந்தது. விசாரணையில் தலையிடும் முயற்சி என்று இந்த மெயிலும் கோப்பில் சேர்க்கப்பட்டதாம். டீச்சரைத் தனியாகப் பார்க்க அனுமதி இல்லையாம்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் சும்மா இருக்கிற வேலை மட்டும் லீடருக்கு வராது. மறுநாள் ஜெராக்ஸ் அறையில் அந்தப் பெண்ணை மடக்கினான். மெஷின் பக்கத்தில் ஆபீஸ் கிளார்க் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இதப் பாரும்மா" என்றான் லீடர், அவரைச் சுவராக நினைத்துக்கொண்டு. "விசாரணைல யாரு கேட்டாலும், ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுன்னு சொல்லிடு."

"சேந்துதானே செஞ்சோம்?"

"ஆங், இதே மாதிரி சொல்லு. முகத்தையும் இப்படியே வெச்சுக்க."

"உங்க பகுதி பத்திக் கேட்டா?"

"எல்லாம் எனக்குத் தெரியும்னு சொல்லு."

"அப்படியே சொல்றேன்" என்றாள் அவள் குழப்பத்தோடு.

கிளார்க் நிமிர்ந்து இருவரையும் ஒருமுறை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். விசாரணைக்குக் குறிப்பெடுப்பவர் அவர்தான் என்பது, விசாரணை அறைக்குள் நுழைந்து அவர் முகத்தைப் பார்த்த பிறகே லீடருக்குத் தெரிந்தது.

அறையில் நீள மேஜை, சுவரில் திரை. டீச்சர் நடுவில் இருந்தார். ஓரத்தில் கிளார்க். லீடரும் அந்தப் பெண்ணும் எதிரில். மாமனார் முகம் லீடரின் கண்ணுக்குள் வந்து வந்து போனது.

"உங்க சந்தேகம் வீண்போகல" என்றார் டீச்சர். "வரிசை பிரிக்கற பகுதி நெட்ல அப்படியே இருக்கு. ஒரு புள்ளி மாறல."

லீடர் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தான். அடிப்பாவி! அப்போது நிஜமாகவே திருடித்தான் இருக்கிறாளா? அவன் நெஞ்சில் பால் வார்த்தது போல் இருந்தது. நேற்றுவரை பாவமாக இருந்த பெண்ணை அந்த நொடியே கைகழுவினான். வெட்கம் மானம் எதுவும் குறுக்கே வரவில்லை. அவனிடம் அவை அதிகம் கையிருப்பில் இருந்ததும் இல்லை.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே மேடம்!"

"அப்போ, இது எங்கேருந்து வந்ததுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பிறந்ததிலிருந்து "தெரியாது" என்று சொல்லிப் பழகாத வாய் அது.

"தெரியும்."

"எழுதினது யாருன்னு?"

"அதுவும் தெரியும்."

"நீ என்னம்மா சொல்றே?" என்று டீச்சர் அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன். அவருக்கு எல்லாம் தெரியும்" என்றாள் அவள். முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது.

பைத்தியக்காரி, அவளே ஒப்புக்கொள்கிறாள் என்று லீடர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"இதோட தரம் எப்படின்னு நினைக்கறீங்க?" என்றார் டீச்சர்.

"தரமா? மேடம், எடுத்தவளை விடுங்க. எழுதினவன் அதைவிட மோசம். அரைகுறை! மனுஷன் படிக்கிற மாதிரியா இருக்கு? என் டீம்ல இருந்திருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

"எழுதினவரைக் கூப்பிட்டுக் கேட்டா விளக்கிடுவார்தானே?"

"அவனாலயா?" லீடர் மேஜையைத் தட்டினான். பழைய மீட்டிங் குரல் திரும்பி வந்துவிட்டது. "சத்தியமா முடியாது மேடம்! எவனோ பாவப்பட்டவன் ராப்பகலா எழுதியிருப்பான், இவன் நோகாம மேல பேரைப் போட்டுட்டிருப்பான். இந்த மாதிரி ஆளுங்களை எனக்குத் தெரியாதா? இப்படிப்பட்டவனை எம்.எஸ். வாசப்படி மிதிக்கவே விடக்கூடாது. கிளார்க் சார், இத ஒரு வார்த்தை விடாம எழுதிக்குங்க!"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிளார்க் பொறுமையாக எழுதி முடித்து, காகிதத்தையும் பேனாவையும் மேஜைமேல் லீடர் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு வார்த்தை விடல சார், நெட்ல அந்தக் கோட் மேல போட்டிருந்த உங்க பேரையும் சேத்து எழுதிட்டேன். கீழ ஒரு கையெழுத்து போட்டுடுங்க."