பஞ்சு சாரும் பித்தளைத் தட்டும்

"சார், அதைக் கழட்டுங்க. பின்னாடி இருக்கிறவங்களுக்கு மேடை தெரியலையாம்."

அரங்க ஊழியர் சொன்ன 'அது', பஞ்சு சார் மாட்டியிருந்த மஞ்சள் காதடைப்பான். சாலையை இயந்திரம் வைத்து உடைக்கிறவர்கள் மாட்டுவது. காதுக்கு ஒரு கிண்ணம் கவிழ்த்த மாதிரி இருக்கும்.

"கழட்டினா எனக்கு உயிரே போயிடும் தம்பி."

"மாட்டிக்கிட்டு எப்படி சார் மியூசிக் கேப்பீங்க?"

நியாயமான கேள்வி. பஞ்சு சார் கழற்றிக் கொடுத்தார். ஊழியர் அதை வாங்கிக்கொண்டே போய்விட்டார்.

அலுவலகத்தில் அவருக்கென்று ஒரு பெயர் உண்டு, சம்பளச் சீட்டில். மற்றபடி எல்லாருக்கும் பஞ்சு சார்தான். காதில் எப்போதும் பஞ்சு. ஸ்டேப்ளர் சத்தம் ஆகாது என்று பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். அடுத்தவர் மெல்லும் சத்தம் ஆகாது என்று தனியாகச் சாப்பிட்டார். விசேஷம் ஆகாது, விருந்து ஆகாது. ஜனங்களும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். யாருக்கும் அவர்மேல் கோபமில்லை. மறந்துபோனார்கள், அவ்வளவுதான். கோபமாக இருந்தாலாவது தேவலை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வந்து வாய்த்த ஆசையைப் பாருங்கள்! மேடை நிறைய ஆட்கள் சேர்ந்து வாசிக்கும் சிம்பொனி. அதிலும் ஒன்றே ஒன்றுதான் அவருக்கு உயிர். வீட்டில் ஒலிப்பெட்டியின் குமிழைப் பிடித்தபடியே கேட்பார். காரணம், கடைசியில் இரண்டு பித்தளைத் தட்டுகள் மோதும். ஜால்ராவுக்குப் பெரியப்பா முறை ஆகவேண்டும். அது வருமுன் குமிழைத் திருகிச் சத்தத்தை அடக்கிவிடுவார். திரும்பக் கூட்டுவதற்குள், அதை அடுத்து ஒற்றைப் புல்லாங்குழல் மெல்ல எழும் இடம் பாதி போயிருக்கும். அந்தக் குழலை ஒரு தடவை முழுசாக, நாலு பேர் நடுவில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை அவர்.

"போயிட்டு வாண்ணா," என்று தங்கை போனில் சொன்னாள். "பாதியில எந்திரிச்சு மட்டும் ஓடிடாத, என் கல்யாணத்துல ஓடின மாதிரி."

"அன்னைக்கு பேண்டு வாத்தியக்காரன் காதுக்குள்ளயே ஊதினான்மா."

"சரி, விடு. குடும்ப போட்டோவுல உன் இடத்துல இன்னும் காலி நாற்காலிதான் இருக்கு."

இந்தத் தடவையாவது கடைசிவரை உட்கார்ந்துவிடுவது என்றுதான் டிக்கெட் வாங்கி வந்திருந்தார்.

காதடைப்பான் போனதால் பஞ்சை எடுத்து அழுத்தி அடைத்துக்கொண்டார். இசை நடத்துநர் கோலை உயர்த்தினார். அரங்கம் மூச்சை அடக்கியது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து இருக்கை அம்மாள் மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்கத் தொடங்கினார். சத்தம் வரக்கூடாதே என்று மெதுவாக, ரொம்ப மெதுவாக. பஞ்சையும் தாண்டி அந்தச் சரசரப்பு மூளையைப் பிறாண்டியது.

"சட்டுனு பிரிச்சிடுங்களேம்மா," என்று கிசுகிசுத்தார்.

கிசுகிசுத்ததாகத்தான் நினைத்தார். காதை அடைத்துக்கொண்டவருக்குத் தன் குரலின் அளவு எங்கே தெரிகிறது? அரங்கமே திரும்பிப் பார்த்தது. நடத்துநர் கோலை இறக்கினார். அம்மாள் மிட்டாயைக் காகிதத்தோடு வாயில் போட்டுக்கொண்டார்.

ஊழியர் ஓடி வந்தார். "என்னதான் சார் வேணும் உங்களுக்கு?"

"பக்கத்துல ஆளே இல்லாத இடம் தம்பி."

"மேடைக்குப் பின்னாடி வரிசை இருக்கு. பாடகர் குழு உக்கார்ற இடம், இன்னைக்குக் காலி. போங்க, புண்ணியமாப் போகும்."

போனார். ஒரு இருமல் இல்லை, ஒரு காகிதம் இல்லை. வயலின்கள் தொடங்கின. சரியாகக் கேட்கட்டும் என்று ஒரு காதுப் பஞ்சை எடுத்தார். அது கை நழுவிக் கீழே உருண்டது. எங்கே விழுந்தது என்று எட்டிப் பார்த்தார்.

நேர் கீழே, காது மறைய முடி வளர்த்த ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு பித்தளைத் தட்டுகள்.

எழுந்து ஓடலாம் என்றால் மொத்த அரங்கமும் அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தது. தங்கையின் போட்டோ வேறு நினைவுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டார். 'படுபாவி! சும்மா இருந்துவிட்டு ஒரே ஒரு போடு போட்டுச் சம்பளம் வாங்குகிறாயே, உருப்படுவாயா?' என்று மனசுக்குள் திட்டினார்.

கடைசியில் தட்டுக்காரர் எழுந்தார். தோள்கள் மெல்ல உயர்ந்தன. பஞ்சு சார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். விழுந்தது இடி. விலா எலும்பெல்லாம் அதிர்ந்தது.

ஆனால் சாகவில்லை. அந்தத் தோள்களைப் பார்த்துக்கொண்டே இருந்ததால், வருவது முன்கூட்டியே தெரிந்துவிட்டது. கையை எடுத்தார். புல்லாங்குழல் அப்போதுதான் முதல் மூச்சை எடுத்தது. ஒரு துளி விடாமல் முழுசாகக் கேட்டார். கண்ணீர் வழிந்தது. 'கேட்டீங்களா?' என்று யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. இருபக்கமும் திரும்பினார். காலி நாற்காலிகள். நாலு பேர் நடுவில் என்பது மட்டும் நடக்கவில்லை.

அப்புறம் வந்தது கைதட்டல். வீட்டு இசைத்தட்டில் கைதட்டல் கிடையாது. அதை அவர் யோசிக்கவே இல்லை. காதைப் பொத்திக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினார்.

மாடிப்படியில் ஏற்கெனவே ஒருவர் தலையைக் கவிழ்த்து, இரண்டு காதையும் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். காது மறைய முடி. பக்கத்தில் பித்தளைத் தட்டுகள்.

பஞ்சு சார் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தார். கைதட்டல் அடங்கும்வரை இரண்டு பேரும் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு தட்டுக்காரர் முடியை ஒதுக்கி, காதுகளில் இருந்த பஞ்சை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து இன்னொரு பஞ்சையும் எடுத்து நீட்டினார்.

"இது உங்களோடதா சார்? மேலேருந்து விழுந்துச்சு. என்னோடதுதான் கழண்டுடுச்சோன்னு பதறிட்டேன்."

"உங்களுக்குமா?"

"சின்ன வயசுலேர்ந்து. கதவு அடிச்சாக்கூடத் தூக்கிவாரிப் போடும்."

"அப்புறம் எதுக்குய்யா, இத்தனை வாத்தியத்தையும் விட்டுட்டு இந்தத் தட்டைப் பிடிச்சீங்க?"

தட்டுக்காரர் அவருக்காகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"வேற யார் கையிலயாவது இருந்தா, எப்ப அடிப்பாங்களோன்னு நடுங்கிட்டே உக்காந்திருக்கணுமே சார்? அதான் நானே வாங்கி வச்சுக்கிட்டேன்."