அழைக்காமல் வந்த முகடு

“மறுபடியும் நாலுதான் மேடம்!”

முடி மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். கணினித் திரையின் வரைபடத்தில் நாலு முகடுகள் நின்றன. மருந்துக் கம்பெனி அனுப்பிய கலவையில் இருப்பதோ மூன்றே பொருள். அதை அவர்களே போனில் சொல்லியிருந்தார்கள். ஒரு பொருளுக்கு ஒரு முகடுதானே வர வேண்டும்? நாலாவது எந்த ஊர்க் கணக்கு?

மேடத்துக்கு ‘முடி’ என்ற பட்டப்பெயர் வரக் காரணம், அவர் செய்யும் கண்ணாடிக் குழாய் தலைமுடி அளவே இருப்பதுதான். அதற்குள் சிலிக்காவும் பாலிமரும் கலந்த, நுண்ணிய ஓட்டைகள் நிறைந்த ஒரு பொருளை அடைத்திருப்பார். கலவையை ஒரு முனையில் செலுத்தினால், அதிலுள்ளவை தனித்தனியாகப் பிரிந்து மறுமுனையில் ஒவ்வொன்றாக வந்து, திரையில் ஆளுக்கொரு முகடாக எழும். கம்பெனி அதிகாரி மத்தியானம் வருகிறார். அவருக்குக் குழாய் பிடித்தால் ஆய்வகம் பிழைக்கும். பிடிக்காவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு.

“குழாய்ல அழுக்கு இருக்கும், கழுவிடலாம்,” என்றார் உதவியாளர்.

கழுவினார்கள். நாலாவது முகடு இன்னும் கூர்மையாக எழுந்தது.

“கழுவக் கழுவ வளருதேய்யா!”

“அப்போ சூடு பத்தல மேடம்.”

சூடேற்றினார்கள். அது மற்ற மூன்றையும் விட்டு விலகித் தனிக்குடித்தனம் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் போன் செய்தார்.

“சாப்பிட்டியா?”

“நாலு வருதுங்க!”

“யாரு? நம்ம வீட்டுக்கா? முன்னாடியே சொல்லக் கூடாதா?”

மேடம் போனை வைத்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக இருந்தது. ஓட்டைகளின் அளவு தப்பா? பாலிமர் கூடிவிட்டதா? யோசிக்க யோசிக்கத் தன் படிப்பின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது.

“பம்புல அழுத்தத்தைக் கூட்டு.”

“உள்ள இருக்கிறது நசுங்கிடும் மேடம்.”

“நசுங்கட்டும்! எனக்கு மூணு வந்தா போதும்.”

கூட்டினார்கள். மூன்றாவதும் நாலாவதும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு ஒரே மொட்டை மேடாக வந்தன. மொத்தம் மூன்று!

“பிரிக்கத்தானே மேடம் இந்தக் குழாய்? நாம சேர்த்து வச்சுட்டோமே?”

“வாயை மூடு. காலைல நாலு வந்த படத்தையெல்லாம் அழிச்சிடு.”

உதவியாளர் அழித்தார். கொஞ்ச நேரத்தில் அதிகாரி பையோடு வந்து, நின்றபடியே திரையைப் பார்த்தார்.

“மூணா?”

“கச்சிதமா மூணு சார்! ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல.” மேடத்துக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

அதிகாரி பெருமூச்சுவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“போன இடத்துலயெல்லாம் இதே மூணுதான் மேடம், நாங்க நாலு பொருளைப் போட்டுட்டு மூணுன்னு சொன்னதே, அந்த நாலாவதைப் பிரிச்சுக் காட்டுற குழாய் யார்கிட்ட இருக்குன்னு பார்க்கத்தான்.”