வாடகைக் காரும் இரண்டு ‘வாங்க’வும்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். காரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் உங்கள் குரல் மாறுவது காதில் விழும், அதற்கு எனக்குத் தைரியமில்லை. அதனால்தான் கடிதம்.

முதலில் என் நன்றி. மூன்று மாத வேலையாக இருவரும் வெளியூர் கிளம்பியபோது, ஒரு வருட வாடகைக்கு எடுத்த காரின் சாவியை என்னிடம் கொடுத்தீர்கள். “அப்பா கையிலயா? வேணாங்க!” என்று என் மகள் வாசலிலேயே அலறினாள். நீங்களோ, “மாமா பாத்துப்பாரு” என்றீர்கள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்னை நம்பி யாரும் ஒரு குடையைக்கூடக் கொடுத்ததில்லை, மாப்பிள்ளை. உங்கள் அத்தை மட்டும், “ஒரு கீறல் விழட்டும், அப்புறம் சாவி என்கிட்ட வந்துடணும்” என்று நிபந்தனை போட்டாள்.

செவ்வாய்க்கிழமை மருந்துக்கடைக்குப் போனோம். பின்பக்கம் குறுகலான இடம், ரிவர்ஸில்தான் நிறுத்த வேண்டும். உங்கள் அத்தை இறங்கிப் பின்னால் நின்று, “வாங்க… வாங்க… இன்னும் வாங்க…” என்று கை காட்ட, நானும் நல்ல பிள்ளையாகப் போய்க்கொண்டிருந்தேன். ‘நில்லுங்க’ என்று சொல்லவேண்டிய சமயம் பார்த்து நம் தையல்காரம்மா மருந்துப் பையோடு எதிரே வந்திருக்கிறார். இவளுக்கு முகமெல்லாம் பல். “அடடே, வாங்க வாங்க! பாத்து எவ்வளவு நாளாச்சு!” என்றாள். நான் வந்தேன். விளக்குக் கம்பம் வரை வந்தேன்.

“அவங்களைத்தானே கூப்பிட்டேன், உங்களையா கூப்பிட்டேன்?”

“ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தையைச் சொன்னா நான் என்னத்தைக் கண்டேன்!”

பின் பம்பரில் ஒரு கீறல், ஒரு சின்ன ஒடுக்கு. பற்பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று தையல்காரம்மா சொன்னார். பாதிக் குழாய் தீர்ந்தது, பம்பர் வாசனையாக இருந்தது, கீறல் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. சாவி கையைவிட்டுப் போகப்போகிறது என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் நானே வாடகை அலுவலகத்துக்குப் போய், கவுன்டரில் இருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், பற்பசை உட்பட. அவர் சிரிக்கவில்லை. வட்டமாக ஓட்டை போட்ட ஓர் அட்டையைக் கொண்டுவந்து பம்பரில் வைத்துப் பார்த்தார்.

“ஓட்டைக்குள்ள அடங்கிடுச்சு சார். ஒரு வருஷம் ஓட்டினா இவ்வளவு ஆகத்தான் செய்யும். இது தேய்மானம், சேதம் இல்ல. காசு எதுவும் கட்ட வேணாம்.”

முப்பத்தாறு வருடம் கிடங்கில் சரக்கு சரிபார்த்தவன் நான். இத்தனை கருணையுள்ள ஓட்டையைப் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. உங்கள் அத்தையும் மனமிரங்கி, “சரி, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றாள். இனி பின்னால் நிற்கும்போது யார் வந்தாலும் அவள் வாயைத் திறக்கக்கூடாது என்று பேசி முடித்திருக்கிறோம்.

ஆகவே அட்டை வைத்திருந்த அந்த அம்மாவுக்கும், அசையாமல் நின்ற கம்பத்துக்கும், எல்லோருக்கும் மேலாக என்னை நம்பிய உங்களுக்கும் என் நன்றி. நீங்களும் என் மகளும் கீறலின்றி ஒடுக்கின்றி நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கைக்குரிய மாமனார்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கடிதத்தைச் சேர்க்கக் காரில்தான் போனோம். தபால் அலுவலக வாசலில் ரிவர்ஸ் எடுத்தேன். பேசி முடித்தபடி உங்கள் அத்தை வாயைத் திறக்கவில்லை. கடைசிவரை திறக்கவேயில்லை. இப்போது விழுந்திருக்கும் ஒடுக்கு அந்த ஓட்டைக்குள் அடங்காது. ஒடுக்குக்குள் அட்டையே அடங்கும். நான் இறங்கியதும் உங்கள் அத்தை கையை நீட்டி, “குடுங்க” என்றாள். அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான், மாப்பிள்ளை.