என் அக்கா கல்யாணத்துக்கு நான் எழுதிய ஒன்பது ஆட்சேபங்கள்

இணையத்தில் வீராவேசமாகச் சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் வாயே திறக்காதவர்கள். அந்தப் பாதியில் எனக்கு முதல் வரிசை.

ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதகன் நான். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் போனில் 'திருச்சபைக் காவலன்' ஆகிவிடுவேன். (முகப்புப் படம்: வாளேந்திய தேவதூதர், மிக்கேல் சம்மனசு. எனக்கோ கோழி அறுப்பதைப் பார்த்தாலே தலை சுற்றும்.) புராட்டஸ்டண்டுகளோடு மாதாவுக்காகச் சண்டை, சொந்தக் கத்தோலிக்கர்களோடு லத்தீன் பூசைக்காகச் சண்டை. லத்தீன் பூசையை நான் வீடியோவில்தான் பார்த்திருந்தேன்.

ஒருநாள் ஆவேசத்தில், பிற சபையாரை ஏன் மணக்கக் கூடாது என்று ஒன்பது காரணங்கள் எழுதினேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு எங்கள் கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம். "சும்மா இருக்காதீர்கள், எழுதிக் கொடுங்கள்!" என்று முடித்தேன். விருப்பக்குறிகள் குவிந்தன.

அடுத்த மாதமே என் அக்கா ஸ்டெல்லாவுக்குப் புராட்டஸ்டண்ட் வீட்டுச் சாமுவேலை நிச்சயம் செய்தார்கள். அவள் ஐந்து வருடம் போராடி வாங்கிய சம்மதம் அது. நிச்சயதார்த்தப் பிரியாணியை இரண்டு முறை கேட்டு வாங்கினேன். (கொள்கை வேறு, பிரியாணி வேறு.)

இரண்டாவது ஓலை வாசித்த அன்று, பூசை முடிந்ததும் சாமியார் இரு வீட்டாரையும் தன் அறைக்கு அழைத்தார்.

"வேற சபையில கட்டறதுக்கு ஆயர் அனுமதி இருக்குது. ஆனா ஒருத்தர் ஆட்சேபம் எழுதிக் குடுத்திருக்காரு. நான் விசாரிக்கணும்" என்று காகிதத்தைப் பிரித்து வாசித்தார்.

முதல் வரியிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. யாரோ ஒரு ரசிகர் என் பதிவை அப்படியே அச்செடுத்துக் கொடுத்திருந்தார். சாமுவேலின் அப்பா முகம் கறுத்தது. நான் அமுக்கமாக இருந்திருப்பேன். ஆனால் சாமியார் ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவிவிட்டார்.

"ஃபாதர், ஆறாவதை விட்டுட்டீங்க" என்றேன். இருப்பதிலேயே சிறந்த காரணம் அதுதான்!

"உனக்கு எப்பிட்றா தெரியும்?" என்றார் அப்பா.

சாமுவேலின் அப்பா எழுந்தார். "பொண்ணோட தம்பிக்கே இஷ்டமில்ல. நாங்க கெளம்பறோம்."

"உக்காருங்க மாமா" என்றாள் ஸ்டெல்லா. என்னிடம் பேனாவை நீட்டினாள். "ஆட்சேபம் இல்லன்னு எழுதுடா."

நான் எழுதியதெல்லாம் யார் தலையில் விழுந்தது என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் செத்தேன். எழுதினேன்: 'இந்தத் திருமணத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை, மிகவும் சந்தோஷம். ஆனால் காரணங்களில் எதையும் வாபஸ் வாங்கவில்லை.'

அப்பா கை ஓங்கினார். சாமுவேலின் அப்பா காகிதத்தை வாங்கிப் படித்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அந்த ஆறாவது என்னான்னு சொல்லு தம்பி. எங்கிட்ட பதில் இருக்குது."

அன்று மதியச் சாப்பாட்டை இரு வீட்டாரும் மாலையில்தான் சாப்பிட்டோம். கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது.

இன்றும் வீட்டில் சாப்பாட்டு ஜெபம் முடிந்ததும் சாமுவேல், "மச்சான், ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லிடு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தைக் கையில் அல்ல, முழந்தாளிட்டு நாவில்தான் வாங்க வேண்டும் என்று ஆரம்பிப்பேன். ஸ்டெல்லா கரண்டியை ஓங்கும்வரை நிறுத்த மாட்டேன்.