தேடும் பெட்டியைத் தேடுகிறவர்

கொசுவில் எத்தனை வகை என்று தாம்பரத்துக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மனிதரில் ஒரு வகையைத்தான் இன்னும் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. நானே அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன்: பழையபடிவைக்காரர். எதை மாற்றினாலும் 'பழையபடி வை' என்று நிற்பவர். ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. பார்த்தால் நம்மைப் போலத்தான் இருப்பார். சாப்பிடுவார், தூங்குவார், ஜிஎஸ்டி ரோட்டில் பச்சை விழுவதற்கு முன்பே ஹாரன் அடிப்பார். ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் இரண்டு அங்குலம் நகர்ந்துவிட்டால் போதும், முகம் சிவந்து, மூக்கு விடைத்து, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்று, "யாரைக் கேட்டு மாத்துனான்?" என்பார்.

யாரைக் கேட்டிருக்க வேண்டும்? அவரைத்தான்.

பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் கம்ப்யூட்டரும் உண்டு. எட்டாவதோடு நின்றவன் கடைக்குத்தான் பெரிய படிப்புப் படித்தவர்களும் வந்து, "அண்ணா, டவுன்லோடு பண்ணினது எங்க போச்சு?" என்று கேட்கிறார்கள். அதனால் இந்த இனத்தைக் கிட்டத்தில் பார்க்கும் பாக்கியம் எனக்கு தினமும் கிடைக்கிறது.

போன மாதம் என் கடையின் பிரவுசர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. முன்பெல்லாம் மேலே வலது மூலையில் தேடுவதற்கென்று தனியாக ஒரு குட்டிப் பெட்டி இருக்கும். அதை எடுத்துவிட்டார்கள். இப்போது நடுவில் ஒரே ஒரு நீளப் பெட்டி. முகவரி அடிப்பதும் அதில்தான், தேடுவதும் அதில்தான். அதைத் தொட்டால், இதற்கு முன் யார் யாரோ தேடியதெல்லாம் பட்டியலாக விழும். தேடினால் முதலில் கம்ப்யூட்டரே எழுதிய ஒரு பெரிய பத்தி வரும், வழக்கமான வரிகள் அதற்குக் கீழே. நடந்தது இவ்வளவுதான். அதற்கு என் கடையில் நடந்த ஒப்பாரியைச் சில சாவு வீடுகளில்கூட நான் கேட்டதில்லை.

அதில் முதல் குரல் பொன்னுசாமி அண்ணனுடையது. பீர்க்கன்கரணைக்காரர். நிலம் நீச்சு இருந்த குடும்பம். வயலையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு, மிச்சமிருந்த ஒரு துண்டுக்குப் பட்டாவில் பெயர் மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறார். அது என்ன ஆயிற்று என்று பார்க்க ஒவ்வொரு செவ்வாயும் வருவார். பார்ப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். மூலைப் பெட்டியில் 'பட்டா' என்று அடிப்பார். மூன்றாவது வரியைத் தொடுவார். முதல் வரியில் என்ன, இரண்டாவதில் என்ன, படிக்கவே மாட்டார். "மூணாவது லைன் நம்ம லைன்" என்பார், ரேஷன் கடையில் செருப்பைப் போட்டு இடம் பிடித்து வைத்தவர் போல.

புதுப் பெட்டி வந்த செவ்வாயும் மூன்றாவது வரியைத்தான் தொட்டார். வந்தது பட்டா இல்லை, கூடுவாஞ்சேரியில் ஒரு மனை விளம்பரம். போன் நம்பர் கேட்டது. வழக்கமாகக் கேட்பதுதானே என்று கொடுத்துவிட்டார். அன்று முதல் நாளைக்கு ஐந்து போன். "சார், ஸ்டேஷன்லேர்ந்து பத்தே நிமிஷம், கார்னர் பிளாட் சார்!"

"ஊருக்கே மனை போட்டு வித்தவன்டா நானு! எனக்கே மனை விக்கிறியா?" என்று அவர் போனில் கத்தியதை ஸ்டேஷனில் நின்ற ஜனம் அறிவிப்பு என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தது.

பழையபடிவைக்காரருக்கென்று சில சடங்குகள் உண்டு. முதலில், காணாமல் போன பொருளை மானிட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். அப்புறம் கடைக்காரனை ஒரு பார்வை பார்ப்பார், நான்தான் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டது போல. அடுத்து, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்வார். மறுநாள் காலையில் கடை திறக்கும்போது முதல் ஆளாக நிற்பார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த மூலைப் பெட்டி புதிதாக வந்தபோது, "இன்னாத்துக்குபா மூலையில இந்தக் கொசுறு?" என்று ஒரு வாரம் திட்டித் தீர்த்தவரும் இதே பொன்னுசாமி அண்ணன்தான். இப்போது அதன் அருமை பெருமைகளைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, திட்டுவதோடு விட்டாரா? விடவில்லை. இந்தச் செவ்வாய் நாலு மணிக்கு வந்து உட்கார்ந்து பிரவுசர் கம்பெனிக்கே மனு எழுத ஆரம்பித்தார். வாழ்க்கை முழுக்கத் தாலுகா ஆபீசுக்கு எழுதிய கை. வேறு மாதிரி எழுத வருமா? கீபோர்டை என் பக்கம் தள்ளிவிட்டார், அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"அடிபா. அனுப்புநர், பொன்னுசாமி, தகப்பனார் பேரு கேசவன். பெறுநர், உயர்திரு மேலாளர் அவர்கள், பிரவுசர் கம்பெனி. பொருள், தேடும் பொட்டியப் பழைய எடத்துலயே வெக்கக் கோருதல். ஐயா..."

அப்போதுதான் ரோஸி உள்ளே வந்தாள். கிளினிக்கில் நர்ஸ். யூனிபார்மைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள். மணி நாலேகால்.

"அண்ணா, சிஸ்டம் வேணும். நர்ஸ் போஸ்ட் அப்ளிகேஷன், இன்னிக்கு அஞ்சு மணியோட குளோஸ். இந்த வருஷம் விட்டா எனக்கு வயசு தாண்டிடும்ணா."

இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்று மெக்கானிக்கிடம் போயிருந்தது. மற்றதின் முன்னால் மனுதாரர்.

"அண்ணா, கொஞ்சம் எழுந்திருங்க. அந்தப் பொண்ணு அவசரமா வந்திருக்கு" என்றேன்.

"இருபா, பாதியில கீது. நகல் யாருக்குப் போடணும்னு மட்டும் சொல்லிடறேன்."

"நகல் எனக்கு அனுப்புங்க அங்கிள்" என்றாள் ரோஸி, திரையில் இருந்த மனுவைப் படித்துவிட்டு. "வேலை கெடைக்காம வீட்டுல உக்காந்து நிதானமா படிக்கிறேன். பொட்டிய எடுத்ததுக்கே இப்படின்னா, பிரவுசரையே எடுத்துட்டா உண்ணாவிரதம் இருப்பீங்களா?"

"சிரிம்மா, சிரி. உனக்கு வந்தாதான் தெரியும்."

முனகிக்கொண்டே எழுந்தபோது மணி நாலு முப்பத்தைந்து. எழுந்தாரே தவிர போகவில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். ரோஸி மளமளவென்று அடித்தாள். பெயர், படிப்பு, போட்டோ, கையெழுத்து, எல்லாம் ஏறியது. நாலு நாற்பத்தொன்பது. கடைசியாகச் 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்த வேண்டும்.

பொத்தானைக் காணோம்.

பக்கத்தைக் கீழே இழுத்தாள், மேலே இழுத்தாள். "போன வருஷம் இங்கதானே இருந்துச்சு? அடியில, பச்சைக் கலர்ல?" நானும் குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. நாலு ஐம்பத்திரண்டு. பிறகு கேட்டாளே ஒரு கேள்வி, அந்தக் குரலில், அந்த மூக்கு விடைப்போடு: "யாரைக் கேட்டு மாத்துனாங்க?"

பொன்னுசாமி அண்ணன்தான் அவள் தோளுக்கு மேல் குனிந்து கண்ணைச் சுருக்கினார். நாலு வாரமாக ஒரு திரையின் ஒவ்வொரு மூலையையும், எதை எங்கே ஒளித்தான் பாவி என்று துருவித் துருவிப் பார்த்த கண் அது.

"மேல பாரு பாப்பா. சோத்தாங்கைப் பக்கம் மூணு கோடு போட்டு கீது பாரு. அதைத் தொற."

திறந்தாள். உள்ளே ஒரு பட்டியல். அதன் கடைசியில், கண்ணுக்கே தெரியாத சாம்பல் நிறத்தில் 'சமர்ப்பி'. அழுத்தினாள். சக்கரம் சுற்றியது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். நாலு ஐம்பத்தாறுக்குப் பதிவு எண் வந்து விழுந்தது.

ரோஸி நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நன்றி சொல்வாள், வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அங்கிள், அந்த மனுவை எடுங்க. என் பேரையும் சேருங்க. மேற்படி பொத்தானையும் பழைய எடத்துலயே, பச்சைக் கலர்லயே வெக்கணும்னு எழுதுங்க."

"அது வேற கம்பெனி, இது வேற கம்பெனிம்மா" என்றேன்.

"எல்லாம் ஒரே கூட்டம்தான்பா, நீ அடி" என்றார் பொன்னுசாமி அண்ணன்.

இதைப் படித்துவிட்டு, பாவம், இப்படியும் சில ஜென்மங்கள் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. முந்தாநாள் உங்கள் வீட்டு அடுப்படியில் டீத்தூள் டப்பாவை மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு மாற்றி வைத்தார்களே, அப்போது நீங்கள் போட்ட சத்தம் பக்கத்துத் தெருவரை கேட்டதாகப் பேச்சு. டப்பா முழங்காலுக்கு நேரே இருந்ததாம். நீங்கள் கத்தி முடிக்கும்வரை வேறொருவர் டீயே போட்டு முடித்துவிட்டாராம். அந்தச் சத்தத்தை முறைப்படி மனுவாக எழுதித் தர வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள். வரிசை இருக்கிறது. உங்களுக்கு முன்னால் இரண்டு பேர்.