காணாங்கோழிக்கு இரண்டு சாட்சி

முதல் விக்கல் காலை ஆறு பத்துக்கு வந்தது.

அப்போது மெக்கானிக் ஏரிக்கரை நாணலுக்கு நடுவே, மடக்கு நாற்காலியில், காதுவரை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஆயுளிலேயே முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் பழுது பார்ப்பது லிஃப்ட். மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருந்து கத்துவார்கள், இவன் மேலிருந்து பதிலுக்குக் கத்துவான். பத்து வருடமாக அதுதான் பிழைப்பு. சும்மா இருப்பது அவனுக்குச் சுத்தமாக ஒத்துவராத காரியம்.

ஆனால் இன்றைக்கு இருந்தே ஆக வேண்டும். பக்கத்து நாற்காலியில் பைனாகுலரும் கையுமாக இருந்தவர் அவன் கட்டிக்கொள்ள நினைக்கும் பெண்ணின் அப்பா. முப்பத்தோரு வருடம் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நீ என்ன வேலை பாக்கற, எவ்வளவு சம்பாதிக்கறன்னெல்லாம் அப்பா கேக்க மாட்டார்" என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். "குளிர்காலம் வந்தா பறவை பாக்கப் போவார். கூடப் போய் ரெண்டு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு உக்காந்துட்டு வா. சத்தம் போடாத ஆளுன்னு அவர் மனசுல பட்டா கல்யாணம். இல்லன்னா அவ்வளவுதான்."

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான். விக்கல் என்ன கேட்டுக்கொண்டா வருகிறது?

நல்லவேளை, நூலகர் கவனிக்கவில்லை. அவருக்கு அந்தப் பக்கம் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்திருந்த அவர் மனைவி மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏரியைப் பார்த்தார்.

மெக்கானிக் மூச்சை அடக்கினான். மனசுக்குள் நாற்பதுவரை எண்ணினான். நாற்பத்தொன்றில், அடக்கி வைத்த மூச்சையும் துணைக்கு அழைத்துக்கொண்டு இரண்டாவது விக்கல் வந்தது.

"க்விக்!"

நூலகரின் கை அவன் முழங்காலை இறுக்கிப் பிடித்தது. தொலைந்தது கல்யாணம் என்று மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டான்.

"கேட்டுதா?" என்று கிசுகிசுத்தார் நூலகர். அவர் பார்வை நாணல் மேல் இருந்தது.

பயத்தில் இவன் தலையை ஆட்டிவிட்டான்.

"சாம்பல் காணாங்கோழி! கண்ணுல படவே படாது. குரல் மட்டும்தான். பாட்டில்ல இருந்து தக்கையைப் பிடுங்கற மாதிரி இருக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கு. பதினாலு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன் தம்பி."

அவர் கண் கலங்கியிருந்தது. மெக்கானிக்குக் குற்ற உணர்வு பிடுங்கித் தின்றது. அதற்குள் அடுத்தது தொண்டையை முட்டிக்கொண்டு வர, அவசர அவசரமாக மஃப்ளரை வாயில் திணித்துக்கொண்டான்.

"...விக்."

"இது வேற!" நூலகர் நாற்காலியிலேயே துள்ளினார். "தூரத்துல இருந்து பதில் குடுக்குது. ஜோடியா வந்திருக்கு!"

நோட்டில் பென்சிலால் ஒன்று என்று எழுதியிருந்ததை இரண்டாக்கினார்.

இதை வளர விடக்கூடாது. மெக்கானிக் மஃப்ளரைத் துப்பிவிட்டு, "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தான்.

"உஷ்!"

முப்பத்தோரு வருடம் ஓர் ஊரையே அடக்கி வைத்திருந்த உஷ் அது.

"கண்ணால பார்த்த பறவைன்னா எழுதினா போதும்" என்று நூலகர் தாழ்ந்த குரலில் விளக்கினார். "காதால கேட்டதுன்னா ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும். எங்க பறவைச் சங்கத்து விதி. இவ செல்லாது, வீட்டாள். நீங்க இன்னும் வீட்டாள் ஆகலையே, அதனால நீங்க ஒரு சாட்சி. இன்னொருத்தருக்கு இப்பவே போன் போடறேன்."

போட்டார். மறுமுனையில் நம்பவில்லை போலிருக்கிறது. "நீங்களே கேளுங்க!" என்று போனை நாணல் பக்கம் நீட்டினார். மெக்கானிக்கின் நாலாவது விக்கல் பத்திரமாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

ஒருத்தரைக் கூப்பிட்டதற்கு அரை மணி நேரத்தில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவருக்குச் சங்கத்தில் பீரங்கி என்று பெயர். அவர் கேமராவின் குழாயைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நூலகர் எதைப் பார்த்தேன் என்று சொன்னாலும் அவருக்குச் சந்தேகம்தான்.

ஆறு பேரும் வரிசையாகக் குந்தினார்கள். அவர்களைக் கண்ட பயத்தில் மெக்கானிக்கின் விக்கல் நின்றுவிட்டது.

பத்து நிமிடம் போயிற்று. இருபது நிமிடம் போயிற்று. விக்கலை நிறுத்த ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வரவழைக்க மட்டும் ஒருத்தரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. மெக்கானிக் இரண்டு காய்ந்த ரொட்டித் துண்டுகளை மெல்லாமல் விழுங்கிப் பார்த்தான். விழி பிதுங்கியதுதான் மிச்சம்.

"தண்ணி வேணுமா தம்பி?" என்றார் நூலகரின் மனைவி.

"ஐயோ, வேண்டாம்மா!"

"சரி, வண்டியில இன்னொரு ஃபிளாஸ்க் இருக்கு. இத்தனை பேர் வந்திருக்காங்க. எடுத்துட்டு வரேன்" என்று அவர் எழுந்து போனார்.

பீரங்கி வாட்சைப் பார்த்தார். "வயசானா காதுல எதாவது கேட்டுக்கிட்டேதான் சார் இருக்கும். எங்க மாமாவுக்குக்கூட நாள் முழுக்க மணி அடிக்குது."

மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நூலகர் நோட்டைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்தார்.

மெக்கானிக்கால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இவ்வளவு நேரம் தன் கல்யாணத்தைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தது அவனுக்கே வெட்கமாக இருந்தது. பெண் கிடைக்காவிட்டால் போகிறது, இந்த மனுஷனை நாலு பேர் கேலி பேச விடக்கூடாது. துணிந்து எழுந்து நின்றான்.

"எல்லாரும் கேளுங்க. அந்தச் சத்தம் போட்டது..."

"க்விக்!"

நாணலுக்குள்ளிருந்து வந்தது.

"உக்காருய்யா!" பீரங்கி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"க்விக்! க்விக்!"

மெக்கானிக் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மூடித்தான் இருந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தன் விக்கலைக் கேட்டு நிஜப் பறவையே இறங்கி வந்துவிட்டதே!

அப்புறம் ஒரே கொண்டாட்டம். பீரங்கியே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே மெக்கானிக், மனசாட்சி கொஞ்சமும் உறுத்தாமல், அழுத்தமாகப் போட்டான்.

நூலகர் பேனாவை மூடினார். "சாட்சி முடிஞ்சுது. இனிமே நீங்க வீட்டாள் ஆகறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ரெண்டு தடவை பேச வந்தீங்க, பரவாயில்ல. மத்தபடி காலையில இருந்து உங்ககிட்ட ஒரு சின்னச் சத்தம் இல்லையே!"

எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு வண்டிப் பக்கம் நடந்தார்கள். மெக்கானிக் சீட்டியடிக்காத குறையாக நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தான். நூலகரின் மனைவி வந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஷூவைக் கழற்றிச் சேற்றுத் தண்ணீரைக் கொட்டினார்.

"இந்தக் கோழிக் குரல்தான் பதினாலு வருஷமா எனக்கு வரவே இல்ல, இன்னைக்கு உங்க விக்கலைக் கேட்டுத்தான் பழகிக்கிட்டேன்" என்றார் அவர். "அந்த நோட்டுல இருக்கற பறவையில பாதி நான்தான், முட்டி தேஞ்சு போச்சு, அடுத்த குளிர்ல இருந்து நீங்க பார்த்துக்கங்க மாப்பிள்ளை."