சாமி ரூமில் இருந்த பிளேன் கார்டு

இலவசம் என்று எவனாவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கை துறுதுறுக்கும். அடிக்கத்தான். சொல்கிறவன் பிளேன் கம்பெனிக்காரனாக இருந்தால் இரண்டு கையும் துறுதுறுக்கும்.

நான் மூணாங்கிளாஸ். அதற்கு மேல் என்னைத் தாங்கும் சக்தி பள்ளிக்கூடத்துக்கு இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் அடுத்தவன் நிலத்துக் கிணற்றில் மண்கூடை தூக்கி ஆரம்பித்தவன், எண்பத்தொன்பதில் பழைய போர்வெல் லாரி ஒன்று வாங்கினேன். பத்து வருஷத்தில் அது நாலு லாரி ஆனது. நாக்பூர், ராய்ப்பூர் என்று வடக்கே ஓடியது. அங்கே கம்ப்ரசர் படுத்துக்கொண்டால் இங்கேயிருந்து நான் பிளேன் ஏற வேண்டும். மாதம் இரண்டு தடவையாவது ஏறினேன். திருவண்ணாமலை ஜில்லாவிலேயே பூமிக்குள் அறுநூறு அடி துளை போட்டு, வானத்தில் முப்பதாயிரம் அடி போனவன் நான் ஒருத்தன்தான். (வேறு எவனாவது இருந்தால் நேரில் வந்து சொல்லட்டும்.)

அப்போதுதான் டிக்கெட் போடுகிற ஏஜென்ட் ஒரு பாரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான்.

"அடிக்கடி பிளேன் ஏர்றவங்களுக்குப் பாயின்ட் தர்றாங்கண்ணே. சேர்த்து வச்சீங்கன்னா குடும்பத்தோட ஃபாரினே போய்ட்டு வரலாம். ஓசியில."

ஒரே மாதத்தில் கார்டு தபாலில் வந்தது. நீல நிறம். என் பெயர் தங்கக் கலரில் புடைத்துக்கொண்டு நின்றது. என் பெயரை அவ்வளவு மரியாதையாக அதுவரை எவனும் எழுதியதில்லை. கூடவே இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகம். அதை, ஆடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜின் காலுக்கு அடியில் செருகினேன். கச்சிதமாக நின்றது.

கார்டைச் சாமி ரூமில் வைத்தேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். ஆயுத பூஜைக்குப் பொரிகடலையும் படைத்தேன். பயணத்துக்கு ஒரு தடவைகூட எடுத்துக்கொண்டு போனதில்லை. நிலப் பத்திரத்தை எவனாவது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகத் திரிவானா? அப்படித்தான் நினைத்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

பாயின்ட் எப்படிச் சேரும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது? டீத்தூள் காலிக் கவர் இருபது கொடுத்தால் ஒரு எவர்சில்வர் டம்ளர் தருவார்கள். எங்கள் வீட்டில் அப்படி வந்த டம்ளர் ஒரு டஜன் இருந்தது. பிளேனுக்கும் அதே கணக்குதான் என்று முடிவு செய்தேன். ஏறும்போது கிழித்துக் கொடுக்கிற துண்டுச் சீட்டை ஒன்று விடாமல் பிஸ்கட் டப்பாவில் போட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் மனுஷன். மீனம்பாக்கத்தில் பெட்டிக்காகக் காத்திருக்கிறவர்களிடம் போய், "சார், அந்தத் துண்டு உங்களுக்கு வேணுமா?" என்று கையை நீட்டினேன். கோட்டு சூட்டு போட்டவர்கள்கூடப் பயந்துபோய்க் கொடுத்தார்கள். என் மனைவி வள்ளியம்மா அதையெல்லாம் ஐம்பது ஐம்பதாக ரப்பர் பேண்ட் போட்டாள். இரண்டாயிரத்து ஒன்றில் டப்பாவில் எழுநூறு துண்டு இருந்தது.

அந்த வருஷம்தான் சிங்கப்பூரில் இருந்த என் ஒரே மகள் கலா முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் பெண் வீட்டில்தானே? ஆனால் அங்கிருந்த டாக்டர், பிளேன் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்படியானால் பெண் வீடுதான் பெண்ணிடம் போக வேண்டும். கார்த்திகை தீபத்தை ஒட்டிப் பிரசவம். அதற்குள் அவள் அம்மா அங்கே இருந்தாக வேண்டும்.

என் சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா, ஓய்வு பெற்ற டெபுடி தாசில்தார். வேங்கிக்காலில் வீடு. எந்தக் காகிதத்தையும் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டார். அவர் வந்து மெதுவாகச் சொன்னார்.

"பையன் டிக்கெட் போட்டு அனுப்புறேன்னு சொல்றான், சம்பந்தி. வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரும் முன்னாடி கெளம்பட்டுமே."

எனக்கு உச்சி சூடாகிவிட்டது. "தலைப்பிரசவச் செலவு மாப்ள வீட்டுதா? என்னை இன்னான்னு நெனைச்சீங்க? நாங்க ரெண்டு பேர், நீங்க ரெண்டு பேர். நாலு டிக்கெட்டும் என் கார்டுல. நீங்க பாஸ்போர்ட்டை மட்டும் எடுங்க."

"கார்டு கூட ஒரு புத்தகம் வந்திருக்குமே, அதைப் படிச்சுப் பாத்தீங்களா?"

"ஃபிரிட்ஜ் படிச்சிக்கிட்டு இருக்குது," என்றேன். பெரிய பதில் சொல்லிவிட்ட நினைப்பு. இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். (எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

நாலு பேருக்கும் பாஸ்போர்ட், விசா எல்லாம் வந்தது. ஐப்பசி கடைசியில், டிக்கெட் வாங்குவதற்காக நாலு பேரும் கார் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனோம். கார்டு மஞ்சள் துணியில். டப்பா என் மடியில்.

கம்பெனி ஆபீசில் ஏசி. கவுன்ட்டரில் ஒரு பெண். டப்பாவைத் திறந்து கண்ணாடி மேஜை மேல் கவிழ்த்தேன்.

"நாலு சிங்கப்பூர் குடும்மா. மீதி பாயின்ட் இருந்தா அப்படியே இருக்கட்டும்."

அந்தப் பெண் எழுநூறு துண்டையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கார்டை வாங்கினாள். சந்தனத்துக்கு அடியில் நம்பர் தெரியவில்லை. காகிதத்தை நனைத்துத் துடைக்கப் போனாள்.

"ஏம்மா! சாமிகிட்ட இருந்ததும்மா! பாத்து!" என்று கத்தினேன். வாசலில் நின்ற செக்யூரிட்டி ஓரடி உள்ளே வந்தான்.

அவள் நம்பரைத் தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள்.

"சார், உங்க கணக்குல ஜீரோ காட்டுது."

"மிஷினு ரிப்பேரா இருக்கும். வேற மிஷின்ல தட்டு."

"டிக்கெட் போடறப்ப இந்த நம்பரைச் சொல்லியிருக்கணும் சார். ஒரு தடவைகூடச் சொல்லலியே?"

"சொல்றதுக்கு அது எங்கூட இருந்தாத்தானே? பூஜையில இருந்தது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன். இல்லை. பக்கத்துக் கவுன்ட்டர்காரன் குனிந்து மேஜைக்கு அடியில் எதையோ தேடினான். ரொம்ப நேரம் தேடினான்.

"இதுல முக்கால்வாசி சீட்டுல வேற வேற பேர் இருக்கே சார்."

"அவங்கல்லாம் சந்தோஷமாத்தான் குடுத்தாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. சேர்த்தவனுக்கு இல்லாத பாயின்ட் யாருக்கு? மூன்று வருஷம் அவன் கொடுத்த காய்ந்த ரொட்டியைத் தின்றேனே, அதற்கென்ன பதில்? மேஜையைத் தட்டினேன், டப்பா மூடி உருண்டு போய் யாரோ ஒரு வெள்ளைக்காரர் காலடியில் விழுந்தது. கத்தி முடித்த பிறகு, அந்தப் பெண் பயந்து பயந்து சொன்னாள். என் பெயரில் கடைசி ஆறு மாதத்தில் உள்ள துண்டுகளை மட்டும் வேண்டுமானால் ஏற்றலாமாம்.

"அதுக்கு இன்னா கிடைக்கும்?"

"ஒரு டிராவல் பேக் சார்."

நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அதுவரை பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்த சம்பந்தி எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். உள்ளே இரண்டு டிக்கெட். வருகிற புதன்கிழமை, சிங்கப்பூர். ஒன்று சம்பந்தியம்மாவுக்கு. இன்னொன்று வள்ளியம்மாவுக்கு.

"பையன் போன மாசமே அனுப்பிச்சிட்டான். கோவிச்சிக்காதீங்க, சம்பந்தி."

நான் வள்ளியம்மா பக்கம் திரும்பினேன். "உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்புறம் எதுக்குடி ரப்பர் பேண்ட் போட்ட?"

"உங்க பாயின்ட்டு வந்தா அதுல போலாம், வராட்டி இதுல போலாம்னு இருந்தேன். கொழந்த உங்க டப்பாவுக்காக உள்ளயே காத்துக்கிட்டு இருக்குமா?"

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் என்னை அப்படி ஒரு பேச்சுப் பேசியதில்லை. அதுவும் ஏசியில், சம்பந்தி எதிரில்.

காசு கொடுத்து எனக்கும் ஒரு டிக்கெட் வாங்கியிருக்கலாம். கையில் இருந்தது. சம்பந்தியும் சொன்னார், "நாம ரெண்டு பேரும் வாங்கிக்கிட்டுப் பின்னாடியே போய்டலாமே." நான் சொன்னேன்: "போனா ஓசியில போவேன். இல்லன்னா போகமாட்டேன்." மூளை இருக்கிற எவனாவது இதைச் சொல்வானா? கோபம் வந்தால் எனக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குகிற பழக்கமும் கிடையாது.

புதன்கிழமை பெண்கள் இரண்டு பேரும் ஏறினார்கள். பிரசவ லேகியம், வசம்பு, பழைய புடவையில் கிழித்த துணி எல்லாம், நான் திட்டிக்கொண்டே வாங்கி வந்த அந்த டிராவல் பேக்கில் போயின. சிங்கப்பூரை என் பை பார்த்தது. நான் பார்க்கவில்லை.

தீபத்துக்கு முந்தின நாள், மலையேறும் கூட்டத்தில் ஊரே நசுங்கிக்கொண்டிருந்தபோது, வேங்கிக்கால் வீட்டுக்குப் போன் வந்தது. எனக்காகத் தானும் போகாமல் இருந்த சம்பந்தி, பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு, சம்பந்தி. உங்க ஜாடையாம். ஓயாம கத்துதாம்."

"கத்துதுன்னா என் ஜாடைதான்," என்றேன். ஓசி டிக்கெட்டுக்காக, பேத்தியின் கத்தலைக் கேட்காமல் போனவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான். இதிலும் எனக்குப் போட்டி கிடையாது.

ஒரு வருஷம் பொறுத்தேன். பேத்தியின் முதல் பிறந்த நாளுக்கு, முழு விலை கொடுத்து இரண்டு டிக்கெட் வாங்கினேன். வேறு கம்பெனி. ஏர்போர்ட் கவுன்ட்டரில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"சார், பாயின்ட் சேர்க்கிற கார்டு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

எனக்குக் கண் சிவந்தது. வாயைத் திறப்பதற்குள் வள்ளியம்மா முந்திக்கொண்டாள்.

"இருக்குதும்மா. ஊர்ல சாமி ரூம்ல இருக்குது. வெளிய எடுக்கமாட்டாரு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கார் சாவி காணவில்லை, கண்ணாடி காணவில்லை என்று நான் கத்தினால், எல்லோரும் ஒரே குரலில், "சாமி ரூம்ல பாருங்க" என்கிறார்கள். பேத்தி இப்போது இரண்டாம் வகுப்பு. லீவுக்கு வந்ததும், பெட்டியைக்கூட இறக்காமல், பிளேன் துண்டை என் கையில் வைக்கிறாள்.

"தாத்தா, பாயின்ட். யார்கிட்டயும் காட்டாதீங்க."

இரண்டு கையும் துறுதுறுக்கிறது. என்ன செய்வது? வாங்கி டப்பாவில்தான் போடுகிறேன்.